சீசர் 3: ஊர் எரியாமல், பட்டினி கிடக்காமல் ஒரு ரோமானிய நகரம் கட்ட முழுமையான வழிகாட்டி

போன மே மாத லீவில் கொருக்குப்பேட்டையிலிருந்து என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, பழைய லேப்டாப்பில் சீசர் 3 என்ற நகரம் கட்டும் கம்ப்யூட்டர் கேமை ஆடினார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் ஊரும் காலி. ஒருவன் ஊர் எரிந்தது, ஒருவன் ஊர் பட்டினியில் காலியானது, ஒருவன் கடனில் மூழ்கினான். நான் பல வருடங்களாகப் படிப்படியாகச் செய்த தப்புகளை அவர்கள் ஒரே மாலையில் செய்து முடித்துவிட்டார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. எதைக் கட்டுவது என்பதில் யாரும் தோற்கவில்லை. எந்த வரிசையில் கட்டுவது, எந்தத் தெருவில் கட்டுவது என்பதில்தான் தோற்றார்கள். அதனால் இதில் வரிசையும் தெருவும்தான் அதிகம் வரும்.

1. உட்காருவதற்கு முன்

ஸ்டீம், ஜிஓஜி இரண்டு ஆன்லைன் கடையிலும் அசல் கேம் கிடைக்கிறது. 1998-இல் வந்தது என்பதால் எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் அதன் அதிகபட்ச திரை அளவு 1024 x 768 தான். இன்றைய அகலத் திரையில் படம் இழுத்துப் பிடித்த மாதிரி தெரியும்.

அதற்கு அகஸ்டஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ரசிகர்கள் திறந்த மூலமாக எழுதியது. அசல் கேமின் கோப்புகள் இருந்தால்தான் ஓடும், எனவே கேமை வாங்கித்தான் ஆக வேண்டும். அகலத் திரை, ரோடுபிளாக் என இரண்டு நல்ல விஷயங்கள் இதில் உண்டு. ரோடுபிளாக் ஏன் முக்கியம் என்பது 3-ஆம் படியில் வரும். ஜூலியஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது, அது அசல் ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அகஸ்டஸில் சேவ் செய்த ஊரை அசல் கேமில் திறக்க முடியாது.

மவுஸ் கட்டாயம். டச்பேடில் ரோடு இழுத்தால் ஒரு கட்டம் தள்ளித்தான் விழும். ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

சேவ் செய்யும்போது ஒரே பெயரில் மேலே மேலே செய்யாதீர்கள். ஊர்1, ஊர்2, ஊர்3 என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எங்கள் பக்கம் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஊர் கெட ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்துத்தான் அது நம் கண்ணுக்கே தெரியும். ஒரே சேவ் இருந்தால் அதற்குள் கெட்ட ஊர்தான் இருக்கும்.

2. பத்து நிமிடம் எதையும் கட்டாதீர்கள்

மேப் திறந்ததும் நிறுத்தி வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள். மஞ்சள் புல் முளைத்த நிலத்தில் மட்டும்தான் பண்ணை போட முடியும். களிமண் குழிக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். மர வெட்டுக்கு மரம், இரும்புக்கும் பளிங்குக்கும் பாறை வேண்டும்.

மேப்பின் ஒரு ஓரத்தில் நுழைந்து இன்னொரு ஓரத்தில் வெளியேறும் ரோடு ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். குடியேற வருபவர்கள், தரைவழியாக வரும் வியாபாரிகள் எல்லோரும் வரும் வழி அதுதான். அந்த இரண்டு முனைகளும் எங்கே என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பேரரசு வரைபடத்தைத் திறந்து, எந்த ஊர் எந்தச் சரக்கை வாங்குகிறது என்று பாருங்கள். பானை வாங்குகிற ஊர் இருந்து, நம் மேப்பில் களிமண்ணும் இருந்தால் வருமானத்துக்கு வழி கிடைத்துவிட்டது. இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால், களிமண் கிடைக்கும் ஒரே கரையில் குடிசை போட்டு வைத்திருப்பீர்கள். பிறகு இடிக்க மனம் வராது.

3. வீட்டுக்கு முன்னால் தெரு: வளைய ரோடு

இந்த ஆட்டம் முழுக்க இந்தப் படியில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு எதிரே கோயில் கட்டிவிட்டால் அந்த வீட்டுக்குச் சாமி கிடைத்துவிடாது. கோயிலிலிருந்து கிளம்பும் பூசாரி அந்த வீட்டைத் தாண்டி நடக்க வேண்டும். சந்தை, மருத்துவர், பள்ளிக்கூடம், தீயணைக்கும் பிரிஃபெக்ட், வரி வசூலிப்பவர் எல்லோரும் அப்படியே. இவர்களை வாக்கர்கள் என்பார்கள். ஒரு வாக்கர் குறிப்பிட்ட தூரம் சுற்றிவிட்டு, இருப்பதிலேயே குறுக்கு வழியாகத் தன் கட்டடத்துக்குத் திரும்பிவிடுவார். போகிற வழியில் முச்சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று நாம் சொல்ல முடியாது.

எங்கள் பகுதியில் கொசு மருந்துப் புகை அடிக்க வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டு முனை வரைக்கும் சத்தம் கேட்கும், நாங்களும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருப்போம். அவர் இடது பக்கம் திரும்பிவிட்டால் அந்த வாரம் எங்கள் சந்துக்குப் புகை கிடையாது. சீசர் 3-இல் ஒவ்வொரு சேவையும் இந்தப் புகைக்காரர்தான்.

அதனால் அவருக்கு முச்சந்தியே கொடுக்காதீர்கள். ஒரு நீள்சதுர வளையமாக ரோடு போடுங்கள். வளையத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வீடுகள், நடுநடுவே சேவைக் கட்டடங்கள். கிளை பிரியும் இடம் இல்லாவிட்டால் வாக்கர் வளையத்திலேயே சுற்றுவார், எல்லா வீட்டையும் தாண்டுவார்.

வளையத்தை மெயின் ரோட்டோடு ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேருங்கள். இரண்டையும் இணைக்கும் அந்த ரோட்டுத் துண்டில் ரோடுபிளாக் வையுங்கள், வளையத்தின் மேலேயே அல்ல. சும்மா சுற்றுகிற வாக்கர்களை அது திருப்பி அனுப்பும். போகும் இடம் தெரிந்து நடப்பவர்களை, அதாவது சரக்கு வண்டிக்காரர், குடியேற வருபவர், சந்தைக்குக் கொள்முதல் செய்யும் பெண் ஆகியோரை அது தடுக்காது. அசல் கேமில் ரோடுபிளாக் கிடையாது. அங்கே கோட்டை மதிலுக்கான கேட்ஹவுஸை வைத்து இதே வேலையை முடிக்கலாம்.

வளையம் எவ்வளவு பெரியது? புதியவர்கள் ஊர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மைதானம் அளவுக்கு இழுப்பார்கள். பூசாரி பாதி தூரத்தில் திரும்பிவிடுவார். முதல் வளையத்தைச் சின்னதாகவே போட்டு, ஒரு பூசாரியை நீங்களே கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். முழுச் சுற்று வந்தால் அந்த அளவு சரி. இடம் போதாவிட்டால் இரண்டாவது வளையம் தனியாகப் போடலாம்.

இன்னொரு ஆசையையும் விடுங்கள். சவுகார்பேட்டை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தெரு போட்டால் பார்க்க அம்சமாக இருக்கும். பத்தடிக்கு ஒரு முச்சந்தி. எந்த வீட்டுக்கு எப்போது என்ன வரும் என்று ரோமாபுரி ராஜாவுக்கே தெரியாது.

வீடு ரோட்டிலிருந்து 2 கட்டத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் போட்டால் யாரும் குடிவர மாட்டார்கள்.

4. முதல் குடியிருப்பு: எட்டே வீடு

வரிசை இது: எட்டு அல்லது பத்து வீட்டு மனை, ஒரு பிரிஃபெக்சர் (பிரிஃபெக்ட் கிளம்பும் நிலையம்), ஒரு இன்ஜினியர் போஸ்ட், ஒரு கிணறு. இத்தோடு நிறுத்துங்கள்.

ஐம்பது மனை போட்டால் ஐம்பது குடும்பமும் வண்டி தள்ளிக்கொண்டு வந்து இறங்கும். அவர்களுக்கு வேலை இருக்காது, சோறு இருக்காது. கூடாரம் வேகமாகத் தீப்பிடிக்கும். என் அக்கா மகனின் ஊர் எரிந்தது இப்படித்தான். பிரிஃபெக்சர் கட்டாமல் இல்லை, இரண்டு கட்டியிருந்தான்.

"இன்னா மாமா, ஃபயர் ஸ்டேஷன் ரெண்டு இருக்கு. எவனும் வரல!"

"ஆளு இருக்கானா பாரு. ரைட் கிளிக் பண்ணு."

பண்ணினான். 6 பேர் வேலை செய்ய வேண்டிய இடத்தில் பூஜ்யம். ஊரின் ஒதுக்குப்புறத்தில், வீடே இல்லாத ரோட்டில் அதைக் கட்டியிருந்தான்.

ஒரு கட்டடம் கட்டியதும் அங்கிருந்து ஆள் தேடும் ஒருவர் கிளம்புவார். அவர் குடியிருக்கும் வீடு ஒன்றைத் தாண்டி நடந்தால்தான் அந்தக் கட்டடத்துக்கு வேலையாள் கிடைக்கும். ஒன்றிரண்டு வீடு இருந்தால் போதும், அந்த வீட்டுக்காரர்களே போய் வேலை செய்ய வேண்டும் என்றில்லை. ஆட்கள் ஊர் மொத்தத்துக்கும் பொதுக் கணக்கு. ஆகவே தூரத்தில் பண்ணை போட்டாலும் பக்கத்தில் இரண்டு கூடாரம் போட்டுவிடுங்கள், அந்தக் கூடாரத்துக்கு ஒரு பிரிஃபெக்சரும் சேர்த்து.

இன்ஜினியரை மறந்தால் உடனே ஒன்றும் ஆகாது. பல மாதம் கழித்துத் தானியக் கிடங்கு பொலபொலவென்று இடிந்து விழும். அன்றைக்குத்தான் ஞாபகம் வரும்.

5. சோறு: பண்ணை, கிடங்கு, சந்தை

வரிசையை மாற்றாதீர்கள். சந்தையை முதலில் கட்டினால் கொடுக்க ஒன்றும் இல்லாமல் 5 வேலையாட்களை அது பிடித்துக்கொள்ளும். அவர்கள் அந்த நேரத்தில் பண்ணைக்குத் தேவை. ஒரு கோதுமைப் பண்ணைக்கு 10 பேர்.

பண்ணைக்கும் தானியக் கிடங்குக்கும் நடுவே தூரம் குறைவாக இருக்கட்டும். ஒரு பண்ணைக்கு ஒரே வண்டிக்காரர்தான். அவர் போய்த் திரும்பும் வரை அடுத்த மூட்டை காத்திருக்கும். நல்ல வேளை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரி வண்டிகள் இங்கே தேங்குவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடும். தூரம்தான் பிரச்சினை.

கிடங்கிலிருந்து சந்தைக்குக் கொள்முதல் செய்யும் பெண் போவார். அவர் திரும்பும்போது பின்னால் கூடை சுமந்த பையன்கள் வரிசையாக வருவார்கள். ஒரு புது ஊரில் இந்த வரிசையை முதல் தடவை பார்ப்பதுதான் எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம். கூடை போய்ச் சேர்ந்த பிறகு, விநியோகம் செய்யும் பெண் தெருவில் இறங்குவார். அவர் சும்மா சுற்றுகிற வாக்கர், முச்சந்தி விதி அவருக்கும் உண்டு. ஆகவே சந்தை வளையத்துக்குள், தானியக் கிடங்கு வளையத்துக்கு வெளியே சற்றுப் பக்கத்தில்.

இங்கே நடக்கும் பெரிய தப்பு குடோன்தான், அதாவது தானியக் கிடங்கு இல்லாத பொதுச் சரக்குக் கிடங்கு. புது குடோன் எல்லாச் சரக்கையும் வாங்கிக்கொள்ளும். தானியக் கிடங்கு நிறைந்துவிட்டாலோ ஆள் குறைந்துவிட்டாலோ கோதுமை குடோனுக்குப் போய் உட்காரும். சந்தைப் பெண்ணோ சோற்றைத் தானியக் கிடங்கிலிருந்துதான் எடுப்பார். ஊரில் கோதுமை இருக்கும், வீட்டில் பசி இருக்கும். குடோன் கட்டியவுடன் அதைத் திறந்து, தேவையான சரக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். தானியக் கிடங்கு 2400 அளவு வரை பிடிக்கும். நிறைகிறது என்றால் இன்னொன்று கட்டுங்கள்.

பண்ணை வாசலில் வண்டிக்காரர் மூட்டையோடு சும்மா நிற்கிறாரா? அவருக்குப் போக இடமில்லை என்று அர்த்தம். ரைட் கிளிக் செய்தால் அவரே புலம்புவார். இந்த ஆட்டத்தில் அதிகாரிகளின் அறிக்கையைவிடத் தெருவில் நடப்பவர்களின் புலம்பல் நம்பகமானது.

6. தண்ணீர்

கிணறு கூடாரத்துக்கும் ஆரம்பக் குடிசைக்கும் போதும். அதற்கு மேல் வீடு வளர ஃபவுண்டன், அதாவது நீரூற்று வேண்டும்.

ஆற்றங்கரையை ஒட்டி ஒரு நீர்த்தேக்கம், வளையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீர்த்தேக்கம், இரண்டையும் இணைக்கும் அக்வடக்ட் கால்வாய். இது முடிந்தபிறகுதான் ஃபவுண்டன். தண்ணீர் காட்டும் பார்வையைப் போட்டால் குழாய் எட்டும் இடம் தெரியும், அந்தப் பரப்புக்குள் வையுங்கள்.

அப்படியும் ஃபவுண்டன் வறண்டு கிடந்தால் அதற்கு வேலையாள் இல்லை என்று பொருள். குழாயடியில் காலிக் குடம் வரிசையாக இருக்கும், தண்ணீர் லாரி வந்து நிற்கும், திறந்துவிட ஆள் வந்திருக்க மாட்டார். அதே கதைதான்.

அக்வடக்ட் ரோட்டைக் குறுக்கே கடக்கலாம், ஆனால் ரோடு அந்த இடத்தில் நேராக இருக்க வேண்டும். வளைவிலும் முச்சந்தியிலும் கடக்காது. வளையம் போடும்போதே கால்வாய் வரும் பக்கத்தை நேராக விட்டு வையுங்கள்.

7. வீட்டை மெதுவாக வளர்த்தல்

தண்ணீர், சந்தைச் சோறு, கோயில், ஃபவுண்டன் என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்கக் கூடாரம் குடிசையாகி, பிறகு நல்ல வீடாகும். அடுத்து என்ன வேண்டும் என்று வீட்டை ரைட் கிளிக் செய்தால் அதுவே சொல்லும். மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஒரு படி ஏறினால் அதே வீட்டில் அதிகம் பேர் இருப்பார்கள். அதிகம் பேர் என்றால் அதிகம் சோறு, அதிகம் வேலை. எனவே ஒவ்வொரு படிக்கும் முன் தானியக் கிடங்கில் இருப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இறங்கிக்கொண்டிருந்தால் கோயில் கட்டாதீர்கள், பண்ணை கட்டுங்கள்.

வீடு ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடுவதுதான் இந்த ஆட்டத்தின் தலைவலி. சேவை விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம். இறங்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேர் மூட்டை கட்டிக் கிளம்புவார்கள். பெரும்பாலும் வளையம் பெரிதாக இருக்கும், அல்லது எங்கோ ஒரு மூலையில் தெரியாமல் விட்ட ஒரு கட்ட ரோடு துண்டு முச்சந்தியாகி இருக்கும். அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன். ஒரு தோட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

சுற்றுப்புறத்தின் அழகும் கணக்கில் வரும். தோட்டம், சிலை ஏற்றும். சந்தை, பட்டறை, குடோன் இறக்கும். தோட்டம் மலிவு. மிச்சம் விழும் கட்டங்களில் எல்லாம் தோட்டம் போடுங்கள்.

வீட்டை வில்லா, அதாவது பணக்காரர்களின் பெரிய வீடு, அளவுக்கு ஏற்ற அவசரப்படாதீர்கள். வில்லாவில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போக மாட்டார்கள். பாதி ஊர் ஒரே வருடத்தில் வில்லாவானால் பண்ணைக்கு ஆள் கிடையாது. வரி அள்ளித் தருவார்கள் என்பது உண்மைதான், ஆனால் அவர்களுக்கென்று ஒரு சின்ன வளையம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. காசு

கூடாரவாசிகளிடம் வரி வசூலித்து ஊர் நடத்த முடியாது. முதல் வருமானம் ஏற்றுமதி. களிமண் குழி, பானைப் பட்டறை, குடோன், பிறகு வணிகப் பாதை. பாதையைத் திறக்க முன்பணம் கட்ட வேண்டும், அதனால் கையில் காசு இருக்கும்போதே திறந்துவிடுங்கள்.

ஒரு ஊர் ஒரு சரக்கை வருடத்துக்கு 15, 25 அல்லது 40 வண்டி என்ற வரம்பில்தான் வாங்கும். ஒரு ஊரை நம்பிப் பத்துப் பட்டறை கட்டினால் பானை குடோனில் தூங்கும். ஒரு குடோன் 32 வண்டிச் சரக்கு பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் 5000 டினாரி (ஆட்டத்தில் காசின் பெயர்) வரை கடனில் ஓட்டலாம். அதைத் தாண்டினால் ஒன்றும் கட்ட முடியாது. சீசரின் தயவும் குறைந்துகொண்டே போகும், ரொம்பக் குறைந்தால் படையே வரும். மூன்றாவது பையன் இந்தக் கடனைச் சும்மா கிடைத்த காசு என்று நினைத்துச் சிலை வைத்தான்.

கூலியைக் குறைத்துச் சேமிக்க நினைக்காதீர்கள். ரோம் தரும் கூலி 30 என்றால் நீங்கள் அதே அளவோ ஒன்றிரண்டு கூடவோ கொடுங்கள். மக்கள் முகம் சுளித்தால் குடியேற்றம் நின்றுவிடும்.

9. ஐந்து சாமி

சீரிஸ், நெப்டியூன், மெர்குரி, மார்ஸ், வீனஸ். ஐந்து பேருக்கும் ஒரே எண்ணிக்கையில் கோயில் கட்டுங்கள், அவ்வப்போது திருவிழா வையுங்கள். ஒருவரை விட்டால் அவர் கோபிப்பார். சீரிஸ் பயிரில் கை வைப்பார், நெப்டியூன் கப்பலில். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

10. ஊர் சரிய ஆரம்பித்தால்

சரிவு ஒரு சங்கிலி. சோறு குறையும், வீடு இறங்கும், ஆள் போவார்கள், பண்ணைக்கு ஆள் குறையும், சோறு இன்னும் குறையும். இடையில் பிரிஃபெக்சருக்கு ஆள் இல்லாமல் தீ வேறு பிடிக்கும். அப்போது புதியவர்கள் எல்லோரும் செய்வது, புதிதாக எதையாவது கட்டுவது. புதுக் கட்டடம் இருக்கிற ஆளையும் பிரித்துக்கொள்ளும்.

முதலில் நிறுத்துங்கள். வேலை ஆலோசகரிடம் போய் உணவு, தண்ணீர், தீத்தடுப்பு மூன்றுக்கும் முன்னுரிமை கொடுங்கள். ஆள் அங்கே தானாகப் போகும். பிறகு ஆட்டத்தை மெதுவாக ஓட விட்டு, ஒரு கோதுமை மூட்டையை மட்டும் பண்ணையிலிருந்து வீடு வரை கண்ணால் பின்தொடருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் நோய். பண்ணையில் நின்றால் கிடங்கு, கிடங்கில் நின்றால் சந்தைக்கு ஆள், சந்தையில் நின்றால் தெரு.

தியேட்டர், பள்ளிக்கூடம் இருந்தால் சில மாதம் மூடி வைக்கலாம். அழுகை கேட்கும், ஊர் பிழைக்கும். பிழைக்கவில்லை என்றால் ஊர்1 இருக்கிறது.

11. அடுத்து ஃபாரோ ஆடப் போகிறவர்களுக்கு

அதே நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த ஃபாரோவிலும் வளையம், வாக்கர் எல்லாம் இதேதான், ரோடுபிளாக் அதில் முதலிலிருந்தே உண்டு. மாறுவது சோறு. நைல் வெள்ளச் சமவெளியில் பண்ணை போட்டால் வருடத்துக்கு ஒரே அறுவடை. பண்ணைக்கு ஆளும் தானாக வராது, வேலை முகாமிலிருந்து அனுப்ப வேண்டும். சீசர் பழக்கத்தில் கிடங்கு ஒன்று போதும் என்று இருந்தால், அறுவடைக்கு முந்தைய மாதங்களில் ஊர் காய்ந்துவிடும்.

2023-இல் வந்த அதன் புது வடிவத்தில், ஆள் தேடி நடப்பவரை நிறுத்திவிட்டு ஊர் மொத்தத்துக்கும் பொதுவாக ஆள் எடுக்கும் வசதி இருக்கிறது. என் அக்கா மகன் அதை உடனே போட்டுக்கொண்டான். நான் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு ராத்திரி அவன் வெள்ளச் சமவெளியில் வீடு போடப் பார்த்து, கேம் விடவில்லை என்று எனக்கு போன் செய்தான்.